திருப்பிப் பார்க்காத நடுவர்களுக்கு

பதிவு கொஞ்சம் நீளம். தையலும் பின்னலும் நமக்கு எதற்கு என்று நினைப்பவர்கள் தாண்டிப் போகலாம். போகும்போது, வீட்டில் ஊசி பிடிக்கிற பெண் யாராவது இருந்தால் அவர்களுக்கு இதை அனுப்பிவிட்டுப் போங்கள்.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். "கைவேலைப் போட்டி" என்று நோட்டீஸ் அடித்தால், வந்த துணியைக் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, அதன் பிறகு பரிசு கொடுங்கள். திருப்பிப் பார்க்கத் தெரியாதவரை நடுவர் நாற்காலியில் உட்கார வைக்காதீர்கள். அது முடியாது என்றால் மியூசிக்கல் சேரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், யாரும் உங்களைக் குறை சொல்லப் போவதில்லை.

சென்ற மாதம் எங்கள் குமரி மாவட்டத்தில் ஓர் ஊர்ப் பொருட்காட்சி. ஊர்ப் பெயரை எழுதவில்லை. எழுதினால் அந்த ஊர்க்காரர்கள் மட்டும் கோபப்படுவார்கள், மற்ற ஊர்க்காரர்கள் நிம்மதியாக இருந்துவிடுவார்கள். ராட்டினம், அப்பளக் கடை, மரக்கன்றுக் கண்காட்சி இவற்றோடு பெண்களுக்கான கைவேலைப் போட்டியும் வைத்திருந்தார்கள். குரோஷா, ஸ்வெட்டர், எம்பிராய்டரி, ஸ்மாக்கிங் வைத்த குழந்தைச் சட்டை, வயர் கூடை என்று நாற்பதுக்கும் மேற்பட்ட பொருட்கள். எல்லாமே ஒரே மேசையில், ஒரே பிரிவில். வயர் கூடைக்கும் ஸ்வெட்டருக்கும் எப்படிப் போட்டி வைக்க முடியும்? பலாப்பழத்தையும் பாகற்காயையும் ஒரே தராசில் வைத்து எது அழகு என்று கேட்பது மாதிரி இருக்கிறது.

நடுவர்களாக வந்த மூன்று பேருமே ஊரில் பெரிய மனிதர்கள், மரியாதைக்குரியவர்கள். பொன்னாடை போர்த்திக்கொண்டார்கள். மேசையைச் சுற்றி ஒரு நடை நடந்தார்கள். கால் மணி நேரத்தில் முடிவு தயார். யாரும் ஒரு துணியையும் தொடவில்லை. முதல் பரிசு, மயில் எம்பிராய்டரி போட்ட ஒரு சுவர்த் தொங்கலுக்கு. பளபளவென்று நன்றாகத்தான் இருந்தது.

பரிசளிப்பு முடிந்து கூட்டம் கலைந்த பிறகு நான் போய் அதைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் முழுக்க வெள்ளை பாபின் நூல். ஓரத்தில், மெஷினில் போடும்போது துணி சுருங்காமல் இருக்க அடியில் வைக்கும் பேப்பரின் கிழிசல்கூட ஒட்டிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் எம்பிராய்டரி. கடையில் கொடுத்தால் அன்று மாலையே வாங்கி வந்துவிடலாம்.

அதே மேசையில் ஒரு குரோஷா மேசை விரிப்பு இருந்தது. என் பழைய மாணவி போட்டது. ராத்திரி பிள்ளைகள் தூங்கின பிறகு இரண்டிரண்டு மணி நேரமாக, இரண்டு மாதம். வட்டம் வட்டமாகப் பின்னி ஒட்டவைத்த விரிப்பு, ஒரு வட்டம்கூடக் குழிந்து நிற்கவில்லை, ஓரம் சுருளவில்லை. குரோஷா போட்டவர்களுக்குத் தெரியும் அது எவ்வளவு கஷ்டம் என்று. அதற்கு ஆறுதல் பரிசுகூடக் கிடையாது. திருப்பிக் கொடுத்தபோது அதன் மேல் டீ கிளாஸ் வைத்த வட்டக் கறை இருந்தது.

அமைப்பாளர் ஒருவரிடம் கேட்டேன். "டீச்சர், பார்க்க பளிச்சுன்னு இருந்துது, குடுத்துட்டாங்க. சும்மா ஒரு என்கரேஜ்மென்ட்தானே" என்றார். என் மாணவியோ ஒரே வரியில் முடித்துவிட்டாள். "டீச்சர், நான் இனி அனுப்ப மாட்டேன். கையில போட்டதும் மெஷின்ல போட்டதும் அவங்களுக்கு ஒண்ணுதான்." நான் "விடு மக்களே" என்று சொல்லவில்லை. விடக் கூடாத விஷயம் இது.

பரிசு வாங்கிய பெண்ணின் மேல் எனக்கு வருத்தம் இல்லை. விண்ணப்பத்தில் பெயர், முகவரி, போன் நம்பர் மூன்றுதான் கேட்டிருந்தார்கள். கையால் செய்ததா, மெஷினா, யார் செய்தது என்று ஒரு கேள்வியும் இல்லை. கேட்காத கேள்விக்கு அவள் எப்படிப் பதில் எழுதுவாள்? தப்பு முழுக்க போட்டி நடத்தியவர்களுடையது.

இனி, ஏன் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். முப்பது வருஷம் தையல் டீச்சராக இருந்தவள் என்ற உரிமையில் கொஞ்சம் பாடம் நடத்த விடுங்கள்.

துணியின் முன்பக்கத்தில் டிசைன்தான் தெரியும். செய்தவர் யார் என்பது பின்பக்கத்தில் இருக்கிறது. கையால் போட்ட சங்கிலித் தையலில் முன்னால் சங்கிலி, பின்னால் அதே நூல் ஒற்றைக் கோடாக ஓடும். நூல் தொடங்கிய இடத்திலும் முடிந்த இடத்திலும் முடிச்சோ, செருகிவிட்ட வாலோ இருக்கும். ஆரி ஊசியில் போட்டாலும் பின்னால் கோடுதான். மெஷினில் மேல்நூல் ஒன்று, கீழே பாபின் நூல் ஒன்று, இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். முன்னால் பத்து வண்ணம் இருந்தாலும் பின்னால் பெரும்பாலும் ஒரே வெள்ளைதான்.

ஸ்வெட்டரா? உள்பக்கம் திருப்பிப் பக்கத் தையலைப் பாருங்கள். ஓவர்லாக் ஓடியிருந்தால் அது பின்னிய துணியை வெட்டித் தைத்தது. கையால் பின்னும்போது கழுத்துக்கும் கக்கத்துக்கும் கத்திரியே வேண்டாம். கண்ணியைக் குறைத்துக் குறைத்துத்தான் வளைவு வரும். குறைத்த இடம் ஒரு பக்கம் எத்தனையோ, மறுபக்கமும் அத்தனையே இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் இரண்டு நிமிஷத்தில் அவள் கையின் தரம் தெரிந்துவிடும்.

குரோஷா விஷயம் இன்னும் பெரிது. உண்மையான குரோஷாவை வணிக அளவில் போடுகிற மெஷின் இன்று வரை இல்லை. கடையில் கஜக்கணக்கில் விற்கிற குரோஷா மாதிரியான லேஸ் வேறு பின்னல், சாயல் மட்டும்தான் அது. அசல் குரோஷா உலகத்தில் எங்கே விற்றாலும் அதற்குப் பின்னால் ஒரு மனிதர் கொக்கி ஊசியோடு உட்கார்ந்திருக்கிறார். அதை மேசையில் வைத்துவிட்டுத்தான் நாம் டீ கிளாஸை அதன் மேல் வைக்கிறோம்.

தமிழ்நாட்டிலேயே பாருங்கள். நீலகிரித் தோடர் பெண்கள் வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்கிறார்கள். பென்சிலால் டிசைன் வரைந்துகொள்வதில்லை. துணியின் இழையை எண்ணி எண்ணியே ஊசி போகும். இரண்டு பக்கமும் பயன்படுத்தக்கூடிய வேலை அது. 2013-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தத் துணியை முன்பக்கம் மட்டும் பார்த்து மார்க் போடுகிறவரை என்ன சொல்வது?

"ஒரு சின்னப் போட்டிக்கு இவ்வளவா?" என்று கேட்பவர்களுக்கு எங்கள் ஊர்க் கதையையே சொல்கிறேன். நாகர்கோவில் லேஸ் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 1820-களில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் இங்குள்ள பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்த தொழில். திண்டின் மேல் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய பாபின்களைப் புரட்டிப் புரட்டிப் பின்னுவது. ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்லின் மனைவி எலைசா இவருடைய மகள்தான். அவர் இடையன்குடியிலும் லேஸ் வேலையைக் கொண்டுபோனார். திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்த காலம் அது. லேஸ் பின்னிச் சம்பாதித்த காசில் தங்கள் விடுதலையை வாங்கிக்கொண்ட பெண்கள் இருந்தார்கள் என்று மிஷன் வரலாறுகளில் பதிவு உண்டு. ஒரு பெண்ணின் விரல் வேலைக்குச் சரியான விலை கிடைத்தால் அவள் வாழ்க்கையே மாறும் என்பதை இருநூறு வருஷம் முன்பே பார்த்த மண் இது. அதே மண்ணில் இன்று ஆறுதல் பரிசு கொடுக்கக்கூட நமக்கு மனசு வரவில்லை.

விலை என்று சொன்னேன் அல்லவா, அந்தக் கணக்கையும் போட்டுவிடுவோம். என் மாணவி ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம், 60 நாள். மொத்தம் 120 மணி நேரம். எட்டு மணி நேரம் ஒரு நாள் என்றால் 15 நாள் வேலை. 2024-25-ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைத் திட்டத்துக்கு நிர்ணயித்த கூலி நாளைக்கு 319 ரூபாய். மண் வெட்டுகிற கூலியே கொடுத்தாலும் 4,785 ரூபாய் வருகிறது. நூல் விலை தனி. அவளிடம் ஒரு கடைக்காரர் கேட்ட விலை 700 ரூபாய். "மெஷின்ல போட்டது 500 ரூபாய்க்குக் கிடைக்குதே" என்றாராம்.

இங்கேதான் போட்டி முக்கியமாகிறது. ஊர்ப் பொருட்காட்சியில் முதல் பரிசு வாங்கினால், அந்தச் சான்றிதழை மொபைலில் காட்டி அவள் ஒரு விலை சொல்லலாம். கைவேலை என்றால் என்ன, மெஷின் வேலை என்றால் என்ன என்பதை ஆயிரக்கணக்கான ஆட்கள் அந்த மேசையில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். நீங்களோ மெஷின் வேலையின் மேல் "கைவேலை, முதல் பரிசு" என்று அட்டை வைத்தீர்கள். 700 ரூபாய் கேட்ட கடைக்காரர் சொன்னதுதான் சரி என்று மேடை போட்டு, மைக் பிடித்து அறிவித்தீர்கள்.

வழக்கமாக எனக்கு நான்கு பதில்கள் வரும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒன்று, "மெஷினும் உழைப்புதானே டீச்சர்?" சந்தேகமே இல்லை. என் வாழ்க்கையே தையல் மெஷினில்தான் போனது. காலர் சரியாக வைப்பதும், கை ஏற்றும்போது சுருக்கம் விழாமல் தைப்பதும் சின்ன வேலையா? கம்ப்யூட்டரில் தானே டிசைன் உருவாக்கி மெஷினில் ஓட்டுகிற பெண்ணுக்கும் திறமை உண்டு. அவர்களுக்குத் தனிப் பிரிவு வையுங்கள், தனிப் பரிசு கொடுங்கள். சைக்கிளில் வந்தவரையும் ஓடி வந்தவரையும் ஒரே பந்தயத்தில் விடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். சைக்கிளே கூடாது என்று நான் சொல்லவில்லை.

இரண்டு, "பெண்கள் பொழுதுபோக்குக்குச் செய்வது, இதில் என்ன கண்டிப்பு?" இதே பொருட்காட்சியில் பையன்களுக்குக் கபடிப் போட்டி நடந்தது. நடுவர் விசில் வைத்திருந்தார், கோடு போட்டிருந்தார்கள், எடை பார்த்தார்கள். கபடியும் அந்தப் பையன்களுக்குப் பொழுதுபோக்குதான். ஒரு பையன் கோட்டைத் தொட்டானா இல்லையா என்று கூட்டமே சண்டை போடும். பெண்களின் வேலை என்று வந்தால் மட்டும் "சும்மா ஒரு என்கரேஜ்மென்ட்" ஆகிவிடுகிறது. அளந்து பார்த்துத் தோல்வி என்று சொல்வதுகூட ஒரு மரியாதைதான். அளக்காமலே விட்டால் அதில் என்ன மரியாதை இருக்கிறது?

மூன்று, "தையல் தெரிந்த நடுவருக்கு எங்கே போவது?" இதைக் கேட்டால்தான் எனக்குச் சிரிப்பும் வரும், கோபமும் வரும். 2012-ல் தமிழக அரசு 16,549 பகுதி நேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் எடுத்தது. ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல் என்று பல பிரிவுகள். அந்தத் தையல் ஆசிரியைகள் உங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள். அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் தையல் லோயர், ஹையர் முடித்தவர்கள் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள் வீட்டில் பேரப்பிள்ளைகளுக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருக்கிறோம். முக்கில் கடை வைத்திருக்கிற டெய்லர் அண்ணனைக் கூப்பிட்டால்கூட அவர் முதலில் துணியைத் திருப்பித்தான் பார்ப்பார். நீங்கள் தேடியது போட்டோவுக்கு நிற்கிற நடுவரை. அதனால் தெரிந்தவர் யாரும் கண்ணில் படவில்லை.

நான்கு, "கண்டிப்பு காட்டினால் யாரும் கலந்துகொள்ள மாட்டார்கள்." நேர்மாறாகத்தான் நடக்கிறது. நன்றாகச் செய்கிறவள் முதலில் விலகுகிறாள். அவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வந்தவள் அடுத்து விலகுகிறாள். கடைசியில் மேசையில் மிஞ்சுவது கடையில் வாங்கி வந்ததும், பசை வைத்துக் கல் ஒட்டினதும்தான்.

வெளியூரில் எப்படிச் செய்கிறார்கள் என்பதையும் சொல்கிறேன். அமெரிக்கக் கிராமப்புறங்களில் கவுண்டி ஃபேர் என்று வருஷா வருஷம் நடக்கும். ஆடு, மாடு, பூசணிக்காய், ஊறுகாய், ஜாம் எல்லாம் போட்டிக்கு வரும். தையலும், கம்பளிப் பின்னலும், குரோஷாவும், குவில்ட் என்கிற ஒட்டுத்துணிப் போர்வையும் அதில் உண்டு. ஒவ்வொன்றும் தனிப் பிரிவு, பிள்ளைகளுக்குத் தனி, பெரியவர்களுக்குத் தனி. பல ஊர்களில் நடுவர் எல்லோர் முன்னிலையிலும் பொருளைக் கையில் எடுத்து, எது நன்றாக இருக்கிறது, எதைத் திருத்த வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்வார். டேனிஷ் முறை என்று ஒன்றும் வைத்திருக்கிறார்கள், சிறுவர் போட்டிகளில் அதிகம். ஒருத்தர் வேலையை இன்னொருத்தர் வேலையோடு ஒப்பிடாமல், தரத்துக்கு ஒரு அளவு வைத்து மதிப்பிடுவது. அந்தத் தரத்தை எட்டிய எல்லோருக்கும் நீல ரிப்பன், அடுத்த நிலைக்குச் சிவப்பு, அதற்கடுத்து வெள்ளை. பத்து பேர் நன்றாகச் செய்திருந்தால் பத்து பேருக்கும் நீலம். ரிப்பன் என்ன பெரிய செலவா? நம்ம ஊர் எவர்சில்வர் டப்பாவைவிட மலிவு.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் நம் நாட்டுச் சட்டத்தையே பாருங்கள். சில துணி ரகங்களைக் கைத்தறியில் மட்டும்தான் நெய்ய வேண்டும் என்று 1985-ல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. வாங்குகிறவர் ஏமாறக் கூடாது என்று 2006-ல் கைத்தறி முத்திரை வந்தது. கை வேலைக்கும் மெஷின் வேலைக்கும் வித்தியாசம் உண்டு என்பதை அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. பொருட்காட்சி கமிட்டிக்கு மட்டும் அது இன்னும் போய்ச் சேரவில்லை.

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போக மாட்டேன். அடுத்து போட்டி நடத்தப் போகிறவர்கள் இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

1. பிரிவுகளைப் பிரியுங்கள். ஊசிப் பின்னல், குரோஷா, கை எம்பிராய்டரி, மெஷின் தையல், மெஷின் எம்பிராய்டரி, கூடை. ஆள் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை.

2. விண்ணப்பத்தில் ஐந்து கேள்வி போதும். கையா மெஷினா? முழுவதும் நீங்களே செய்ததா? டிசைன் எங்கிருந்து எடுத்தது? எத்தனை நாள் ஆனது? நூலும் துணியும் என்ன? யூடியூப் பார்த்துச் செய்திருந்தால் அப்படியே எழுதட்டும். பார்த்துக் கற்றுக்கொள்வது குற்றமில்லை, நாங்களும் யாரையோ பார்த்துத்தான் கற்றோம்.

3. பெயர் தெரியாமல் நம்பர் மட்டும் வைத்து மதிப்பிடுங்கள். கவுன்சிலர் வீட்டு அக்கா, பேங்க் மேனேஜர் மனைவி என்ற பேச்சே வராது.

4. சந்தேகம் இருந்தால் ஊசியும் நூலும் கொடுத்துப் பத்து நிமிஷம் அங்கேயே செய்து காட்டச் சொல்லுங்கள். தையல் தேர்வில் செய்முறை வைக்காமலா எங்களுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள்?

5. மார்க் ஷீட் போடுங்கள். நூறு மார்க் என்றால் வேலையின் சுத்தத்துக்கு 40, பின்பக்கத்துக்கும் முடிப்புக்கும் 20, கஷ்டத்துக்கு 20, வண்ணத்துக்கும் அழகுக்கும் 20. பளிச்சென்று இருப்பதற்கு அந்தக் கடைசி இருபதுக்குள் இடம் உண்டு. மார்க்கை அவரவர் கையில் கொடுங்கள். ஏன் தோற்றோம் என்று தெரிந்தால்தான் அடுத்த வருஷம் திரும்ப வருவார்கள்.

6. வேலையைச் சுத்தமான துணி விரித்த மேசையில் வையுங்கள். பக்கத்தில் டீ வேண்டாம்.

கலந்துகொள்ளும் பெண்களுக்கும் ஒரு வார்த்தை. பொருளைக் கொடுக்கும்போதே கேளுங்கள். நடுவர் யார்? கைக்கும் மெஷினுக்கும் தனிப் பிரிவு உண்டா? மார்க் தருவீர்களா? கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று தயங்காதீர்கள். இரண்டு மாதம் ராத்திரி முழித்தது நீங்கள். பத்துப் பேர் கேட்டுவிட்டால் அடுத்த வருஷம் விண்ணப்பம் தானாக மாறும். பின்பக்கம் தெரிகிற மாதிரி ஒரு ஓரத்தை மடித்து வையுங்கள். நடுவர் திருப்பாவிட்டாலும் பார்க்க வருகிற நாலு பெண்கள் கண்டிப்பாகப் பார்ப்பார்கள்.

இந்த வருஷம் பொருட்காட்சியோ, பள்ளி ஆண்டு விழாவோ, குழுப் பெண்களின் கண்காட்சியோ நடத்துகிற யார் கூப்பிட்டாலும் நான் நடுவராக வரத் தயார். பொன்னாடை வேண்டாம், மேடையில் நாற்காலி வேண்டாம், பஸ் செலவும் என்னுடையது. நல்ல வெளிச்சமுள்ள ஒரு மேசையும் இரண்டு மணி நேரமும் கொடுத்தால் போதும். கூட வர இன்னும் மூன்று தையல் டீச்சர்கள் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். கமிட்டியில் இருக்கிற யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் இதை அவர்களுக்கு அனுப்புங்கள். என் பெயர் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி.